நேற்றைய ஆட்சேபணை

சட்டக் கல்லூரியில் அவளை எவிடன்ஸ் மேடம் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சாட்சியச் சட்டத்தை வருடக்கணக்காக நடத்தி நடத்தி அது அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. பிரிவு எண்ணைச் சொன்னால் போதும், அரைத் தூக்கத்திலும் வாசகம் பிசகாமல் வரும். வீட்டிலும் இதே கூத்துதான். பல் டாக்டரான கணவர், பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறாராம் என்று வாயைத் திறந்தால், அவரே சொன்னாரா, இல்லை அவர் சொன்னதாக வேறு யாராவது சொன்னார்களா என்று பிடித்துக்கொள்வாள். மனிதர் நாளடைவில் வெளிச் செய்தி எதையும் வீட்டுக்குள் கொண்டுவருவதையே விட்டுவிட்டார்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஒரு மாணவி தடம் மாற்றிவிட்டாள். குறுக்கு விசாரணை பற்றிய வகுப்பில் எழுந்து நின்று, "மேடம், நீங்க ஒரு சாட்சியையாவது விசாரிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் நாற்பதைத் தாண்டிய எவிடன்ஸ் மேடம் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கறுப்பு அங்கி ஒன்று தைத்துக்கொண்டு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் போர்டு மாட்டிவிட்டாள்.

முதல் கட்சிக்காரராக வந்தவர் ஒரு தச்சர். கணவரின் கிளினிக்கில் அலமாரி செய்து கொடுத்தவர், கணவர்தான் அனுப்பிவைத்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு பெரிய மரச்சாமான் கடையில் வேலை பார்த்தவர். அவர் மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்த ஓர் ஆடும் நாற்காலியை, சீக்கிரம் விலைபோகட்டும் என்று முதலாளி ரோஸ் நிற பெயின்ட் அடித்து, கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார். தச்சர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் போட்டார். "இந்தக் கோலத்துல இது இங்க இருக்கக் கூடாது. இருந்தா நானே உடைச்சுடுவேன்" என்று கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன், முகப்புக் கண்ணாடியும் நாற்காலியும் சுக்குநூறாகக் கிடந்தன. மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் அங்கிருந்து ஓடியதை எதிர்ச் சாரியில் பூக்கடை வைத்திருந்த அம்மாள் பார்த்திருந்தார். அந்த மழைக்கோட்டு தச்சருடையதேதான்.

"ஓடினது நான்தாங்க மேடம்," என்றார் தச்சர். "முதலாளி வர்றதுக்குள்ள உளிப் பெட்டியை எடுத்துட்டு வரலாம்னு போனேன். நான் போகும்போதே எல்லாம் உடைஞ்சு கிடந்துச்சு. என்மேலதான் பழி விழும்னு தோணுச்சு, ஓடிட்டேன்."

நடந்தது அவ்வளவுதான் என்று அவள் நம்பினாள். நீதிமன்றம் நம்புமா என்பது வேறு விஷயம்.

அரசுத் தரப்பில் வாதாட வந்தவரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளிடம் படித்த பையன்தான். ஒரு நாளும் நேரத்துக்கு வகுப்புக்கு வந்ததில்லை என்பதால் கூட்டாளிகள் அவனை லேட்டு என்றே கூப்பிடுவார்கள். சாட்சியச் சட்டத்தில் தட்டுத்தடுமாறித்தான் தேறினான். இப்போது தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக, நீதிமன்றத்தில் தன் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடந்தார். மேடம் எதிரே நிற்பதைப் பார்த்ததும், கையிலிருந்த வழக்குக் கட்டை அவசரமாகக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். தச்சருக்கு அதைப் பார்த்ததுமே பாதி நிம்மதி வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

அந்த நிம்மதி முதல் சாட்சி வரைதான் தாங்கியது.

முதல் சாட்சி கடை முதலாளி. அரசு வழக்கறிஞர் அவரிடம், "அவர் உங்களை மிரட்டினார் இல்லையா?" என்று கேட்டதும் எவிடன்ஸ் மேடம் எழுந்தாள். தன் தரப்புச் சாட்சிக்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்றாள். நீதிபதி ஏற்றுக்கொண்டார். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. லேட்டு கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. மாற்றிக் கேட்பதாகச் சொல்லிவிட்டு, முதலாளியைப் பார்த்து, அன்று என்ன நடந்ததோ அதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்றார். முதலாளி சொன்னார். தச்சர் எங்கே நின்றார், விரலை எப்படி நீட்டினார், என்ன வார்த்தை சொன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஆமாம் என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்திருக்க வேண்டியது ஒரு முழுக் காட்சியாக விரிந்து நீதிபதியின் கண்முன் நின்றது.

அதன்பிறகும் அவள் விடவில்லை. முதலாளி தச்சரைக் கோபக்காரர் என்றார். அது சாட்சியின் சொந்த அபிப்பிராயம் என்று எழுந்தாள். கடைப் பையன்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். செவிவழிச் சாட்சியம் என்று எழுந்தாள். எல்லாம் அவள் பக்கமே தீர்ப்பானது. ஒவ்வொரு தடவையும் லேட்டு தலையாட்டிவிட்டு, அதே விஷயத்தை வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தார்.

அடுத்து பூக்கடை அம்மாள் கூண்டில் ஏறினார். வெடுக்கென்று பேசும் பெண்மணி. அன்று மழைச் சாரல் அடித்ததால் கடையின் முன்பக்கத் தார்ப்பாயை இறக்கி விட்டிருந்தேன், உள்ளே மாலை கட்டிக்கொண்டிருந்தேன் என்றார்.

"திடீர்னு கண்ணாடி உடையற சத்தம். உடனே ஒரு கத்தல். என்னன்னா..."

எவிடன்ஸ் மேடம் எழுந்துவிட்டாள். நீதிமன்றத்துக்கு வெளியே யாரோ சொன்னதை இந்தச் சாட்சி இங்கே சொல்ல முடியாது என்றாள். நீதிபதி தலையசைத்தார். சத்தம் கேட்டதும் என்ன செய்தீர்கள் என்று லேட்டு கேட்டார். அந்த ஆள் கத்தியதைக் கேட்டுவிட்டு, என்று அம்மாள் ஆரம்பிக்க, அவள் மறுபடியும் எழுந்தாள். மூன்றாவது தடவையும் அவள் எழ, நீதிபதியே குறுக்கிட்டு, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் அம்மா, கேட்டதெல்லாம் வேண்டாம் என்றார். அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்ததாகவும், மழைக்கோட்டுக்காரர் ஓடியதாகவும் சொல்லி உதட்டை இறுக மூடிக்கொண்டார். மணி ஆகிவிட்டதால் குறுக்கு விசாரணையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

அன்று நீதிமன்றத்தில் அவளுடைய நாத்தனாரும் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, வாலிபால் போட்டிகளுக்கு நடுவராகவும் போவாள். அண்ணியின் முதல் வழக்கைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் வாயே திறக்கவில்லை. கலகலவென்று பேசுகிறவள் சும்மா வந்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம். கடைசியில் எவிடன்ஸ் மேடமே கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி," என்றாள் நாத்தனார் இழுத்தாற்போல. "ஆனா நீங்க எந்திரிக்க எந்திரிக்க எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, அந்த ஆளு எதையோ மறைக்கிறாரோன்னு."

"நான் எழுந்தது ஒவ்வொண்ணும் சட்டப்படி சரி. ஒரு ஆட்சேபணையைக்கூட ஜட்ஜ் தள்ளலை."

"நான் இல்லைன்னு சொல்லலையே. ஆட்டத்துல சின்னச் சின்னத் தப்புக்கெல்லாம் விசில் ஊதினா அதுவும் ரூல்படி சரிதான். ஆட்டத்தை யாரு பாக்கறது?" என்றவள், வளைவில் காரைத் திருப்பிக்கொண்டே, "அது கிடக்கட்டும். அந்தப் பூக்கடைம்மா ஏதோ கத்தினாங்கன்னு சொல்ல வந்தாங்களே, என்னன்னு கத்தினாங்களாம்?" என்றாள்.

எவிடன்ஸ் மேடம் வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாது. போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தில் அப்படி ஒரு கத்தல் இருப்பதாகவே இல்லை. மூன்று தடவை அந்தம்மாள் சொல்ல வந்தார், மூன்று தடவையும் இவளே குறுக்கே விழுந்து அடைத்திருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

வீட்டுக்குப் போனதும் தச்சருக்குப் போன் போட்டாள். அன்று யாராவது கத்தியது காதில் விழுந்ததா என்று கேட்டாள். மழைக்கோட்டின் தொப்பியை இழுத்து மாட்டியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நானே கத்தியிருப்பேன் மேடம்," என்றார். "நாற்காலியை அந்த நிலைமைல பாத்ததும் ஏதோ வாய்ல வந்துச்சு. என்ன சொன்னேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல."

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்று எத்தனை வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருப்பாள். அந்தம்மாளை நேரில் பார்த்து முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும் வழியில்லை. சாட்சி கூண்டிலிருந்து முழுதாக இறங்காதபோது தனியே போய்ப் பேசுவது முறையல்ல. கேட்டால், தச்சர் ஆத்திரத்தில் கத்திய ஏதாவது வெளியே வந்து அவரை மொத்தமாக மூழ்கடிக்கலாம். கேட்காவிட்டால் இப்போதே முக்கால்வாசி மூழ்கியாகிவிட்டது. கணவர் பல் டாக்டர் பாணியில், வலிக்கும் என்று பயந்து திறந்து பார்க்காமல் விட்டால் எந்தப் பல்லையும் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை அவள் தச்சரை ஓரமாக அழைத்துப்போய், கேட்டால் என்ன ஆபத்து, கேட்காவிட்டால் என்ன ஆபத்து என்று இரண்டையும் பிட்டுப் பிட்டு வைத்தாள். முடிவு உங்களுடையது என்றாள். தச்சர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"நான் உடைக்கலை மேடம். அப்புறம் என்ன சொல்லியிருந்தா என்ன? கேளுங்க."

பூக்கடை அம்மாள் கூண்டில் ஏறும்போதே அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மெதுவாக ஆரம்பித்தாள். தார்ப்பாய் இறக்கியிருந்ததால் கண்ணாடி உடைந்ததை நீங்கள் பார்க்கவில்லை, அப்படித்தானே என்றாள். ஆமாம் என்றார். மழைக்கோட்டுக்காரர் கையில் எதுவும் இருந்ததைப் பார்க்கவில்லை என்றாள். இல்லை என்றார். அடுத்த கேள்விக்கு முன் அவள் கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின் வரிசையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அதே வரிசையில் கடை முதலாளியும், அவருடைய மனைவியின் தம்பியும் இருந்தார்கள். அந்தத் தம்பிதான் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுபவர்.

"சத்தம் கேட்டதும் யாரோ கத்தினதா நேத்து சொன்னீங்களே. என்னன்னு கத்தினாங்க?"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். லேட்டு சாவகாசமாக எழுந்தார். முகத்தில் சிரிப்பு வழிந்தது.

"யுவர் ஆனர், நேத்து மேடம் எடுத்த ஆட்சேபணையை இன்னிக்கு நான் கொஞ்சம் இரவல் வாங்கிக்கறேன். இது செவிவழிச் சாட்சியம்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. நேற்று மூன்று முறை கூடாது என்று வாதாடியதை இன்று நீங்களே கேட்கிறீர்களே, எப்படி என்றார். அவளுக்குக் காது மடல் சூடேறியது. வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் சமாளித்துப் பேச அவளிடம் ஆயிரம் வார்த்தைகள் இருந்தன. இப்போது அவற்றில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

"நேத்து நான் சொன்னது தப்பு, யுவர் ஆனர்," என்றாள்.

"அப்படியென்றால் அதை ஏற்றுக்கொண்ட நானும் தப்பு செய்தேனா?"

"நான் கைகாட்டின வழியிலதான் நீங்க வந்தீங்க. வழியைத் தப்பாக் காட்டினது நான்."

நீதிபதியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. மேலே சொல்லச் சொன்னார். அவள் புத்தகத்தைத் தொடாமல் பேசினாள். யாரோ சொன்னதை இன்னொருவர் வந்து சொல்லக் கூடாது என்பது ஏன்? சொன்னவர் யோசித்து, ஜோடித்துச் சொல்லியிருக்கலாம், அவரை இங்கே நிறுத்திக் குறுக்கே கேட்க முடியாது என்பதற்காகத்தான். ஆனால் சூடு பட்டதும் கையை உதறுகிற மாதிரி, சம்பவம் நடந்த அதே நொடியில் வாயிலிருந்து தெறித்து விழுகிற சொல்லில் ஜோடிக்க ஏது நேரம்? அந்தச் சொல்லும் சம்பவத்தின் ஒரு துண்டுதான். கண்ணாடி உடைந்த சத்தத்தைச் சாட்சி சொல்லலாம் என்றால், அதோடு சேர்ந்து வந்த கத்தலையும் சொல்லலாம். சட்டமே அதற்கு விலக்கு வைத்திருக்கிறது.

நீதிபதி அரசு வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். லேட்டு எழுந்தார். அவர் நினைத்திருந்தால் அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கலாம்.

"மேடம் சொல்றது சட்டம்தான், யுவர் ஆனர்," என்றார். "இந்தப் பாடத்துக்கு மட்டும் நான் நேரத்துக்கு வந்துட்டேன். ஆட்சேபணையைத் திரும்ப வாங்கிக்கறேன்."

சாட்சி பதில் சொல்லலாம் என்றார் நீதிபதி.

பூக்கடை அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எவிடன்ஸ் மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இதைத்தானே நேத்தே சொல்ல வந்தேன். விட்டாத்தானே? போலீஸ்ல கேட்டப்பவும், பாத்ததை மட்டும் சொல்லுங்க, கேட்டது வேணாம்னுட்டாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கண்ணாடி உடைஞ்ச உடனே, 'ஐயோ, ரிவர்ஸ்ல இருக்கே, மாமா என்னைக் கொன்னுடுவாரே'ன்னு கத்தினாங்க. வண்டி உறுமிக்கிட்டுக் கிளம்பற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு வேற ஒருத்தர் குரல், 'ஐயோ என் நாற்காலி'ன்னு. அது கத்தல்னுகூடச் சொல்ல முடியாது, அழுகை மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் தார்ப்பாயைத் தூக்கினேன். மழைக்கோட்டுக்காரர் ஓடினாரு."

தச்சர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எவிடன்ஸ் மேடத்துக்கு உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதற்கும் அவளிடம் பதில் இல்லை. ஆனால் இப்போது அந்தப் பயம் இல்லை.

"முதல்ல கத்தின குரல் யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? கடை வாசல்ல வேனை நிறுத்தாதேன்னு நான் தினமும் சண்டை போடுற குரலாச்சே," என்று அம்மாள் பின் வரிசையைக் காட்டினார். "முதலாளியோட மச்சினன்தான். அதோ, எந்திரிக்கிறாரே."

உண்மையில் அவர் எழுந்துகொண்டிருந்தார். அக்காள் புருஷனின் பார்வை பட்டதும் பாதியில் அப்படியே நின்றுவிட்டார், முழுதாக எழவும் முடியாமல், உட்காரவும் முடியாமல். குரலை வைத்து ஆளை அடையாளம் சொல்லலாமா என்று லேட்டு கடமைக்கு ஒரு வார்த்தை கேட்டார். தினமும் பழகிய குரலை யாரும் அடையாளம் சொல்லலாம் என்று நீதிபதியே முடித்துவிட்டார். லேட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த போலீஸ் அதிகாரியிடம் குனிந்து ஏதோ கேட்டார். கேட்கக் கேட்க அதிகாரியின் முகம் தொங்கிப்போனது.

அதன்பிறகு அதிக நாள் இழுக்கவில்லை. மேற்கொண்டு புலன்விசாரணை செய்யச் சொல்லி நீதிபதி போலீஸுக்கு உத்தரவு போட்டார். போலீஸ் போய் வேனைப் பார்த்தது. பின்புறத் தகட்டின் இடுக்கில் ரோஸ் பெயின்ட் அப்பிக்கொண்டு இருந்தது. மச்சினன் கழுவியிருந்தார், சரியாகக் கழுவவில்லை. லேட்டே நீதிமன்றத்தில் எழுந்து தச்சர் மீதான வழக்கைத் திரும்பப் பெற்றார். தச்சர் விடுதலை. முதலாளி வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். தச்சர் மரியாதையாகவே மறுத்துவிட்டார். அவருக்கு ஏற்கெனவே வேறு பட்டறையில் இடம் கிடைத்திருந்தது. அங்கே பெயின்டே கிடையாதாம், மெருகு மட்டும்தானாம்.

லேட்டு படிக்கட்டில் அவளோடு கூடவே இறங்கினார். அன்று ஆட்சேபணையை ஏன் அவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள். அந்தக் கத்தல் என்னவென்று தெரிந்துகொள்ள அவருக்கும் முந்தின நாளிலிருந்து மண்டை குடைந்துகொண்டிருந்ததாம். மேடம் மூன்று தடவை எழுந்து தடுத்ததும், இவர்கள் இவ்வளவு மறைக்கிறார்களே, கண்டிப்பாகத் தச்சர் மாட்டிக்கொள்கிற விஷயம்தான் என்று நினைத்தாராம். நாத்தனார் இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்கு அவளை விட்டிருக்க மாட்டாள். அதனால் எவிடன்ஸ் மேடம் அதை வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் அவள் ஒரு புது வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கதவை யாரோ தட்டினார்கள். முதலாளியின் மச்சினன். தாடி வளர்ந்து, சட்டை கசங்கி, பார்க்கப் பாவமாக இருந்தார். உட்காரக்கூட இல்லை. இந்த ஊரிலேயே நீங்கள்தான் பெரிய வக்கீல் என்று எல்லோரும் சொல்கிறார்கள், என் வழக்கை நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். எல்லோரும் என்றால் யார் யார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

தச்சருக்காக வாதாடியவள் அதே விஷயத்தில் உங்களுக்காக நிற்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னாள். வேறொரு நல்ல வக்கீலின் முகவரியை எழுதிக் கொடுத்தாள். அவர் கையில் வாங்கிக்கொண்டு, "அன்னைக்கு என்னாச்சுன்னா மேடம், நான் வேனை..." என்று ஆரம்பித்தார்.

அவள் இரண்டு கைகளையும் உயர்த்தித் தடுத்தாள். "என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. அந்த வக்கீலைப் பாக்கிற வரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாதீங்க. நீங்க வாய்விட்டு ஒத்துக்கிட்டதை யாரு வேணும்னாலும் கோர்ட்டுல வந்து சொல்லலாம். புரியுதா?"

புரிந்தது என்று பலமாகத் தலையாட்டிவிட்டு அவர் படியிறங்கினார். பாவம், பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தபடி அவள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். கீழே கண்ணாடிக் கடையின் வாசலில் காவலாளி ஆர்வமாகக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சினன் அவர் எதிரே நின்று, இரண்டு கைகளாலும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, வேன் எப்படிப் போய் இடித்தது என்று அடி அடியாகப் பின்வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.